பெட்ரார்க்கின் மானும் வையட்டின் மானும்: மறுமலர்ச்சிக் கவிஞர்கள் செய்தது நகலா?

ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கும் பலர் ஓரிடத்தில் தடுக்கி நிற்பதுண்டு. ஆங்கிலத்துக்கு சானெட் என்ற 14 வரிக் கவிதை வடிவத்தைக் கொண்டுவந்தவர் தாமஸ் வையட் என்று பாடம் சொல்கிறது. அவருடைய மான் வேட்டைக் கவிதையைப் படித்து ரசித்து முடித்ததும் அடிக்குறிப்பு கண்ணில் படுகிறது: இது இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் 190ஆம் கவிதையைத் தழுவியதாம். வையட் எழுதிய சுமார் 30 சானெட்களில் பெரும்பகுதி இப்படித்தான். அவருக்குப் பின் வந்த சர்ரே பிரபு ஹென்றி ஹோவார்டும் அதே பெட்ரார்க்கைத்தான் எடுத்துக்கொண்டார். பெட்ரார்க்கின் ஒரே கவிதையை இருவருமே ஆங்கிலமாக்கியதும் உண்டு. பிரான்சில் ரோன்சார், ஸ்பெயினில் கார்சிலாசோ என்று எங்கே திரும்பினாலும் அதே கதை.

உடனே ஒரு கேள்வி வரும். மறுமலர்ச்சிக் காலம் தனிமனித மேதைமையின் காலம் என்றல்லவா சொன்னார்கள்? அப்புறம் ஏன் எல்லோரும் ஒருவரையே பார்த்து எழுதினார்கள்? இது திருட்டா, மொழிபெயர்ப்பா, வேறேதாவதா?

வேறேதோதான். அந்தக் காலத்துக் கவிஞர்கள் முன்னோரைப் பார்த்து எழுதுவதை ஒரு கலையாகவே பயின்றார்கள். அதற்கு விதிகள் இருந்தன, அதைப் பற்றிச் சண்டைகளும் நடந்தன. ஐரோப்பாவின் தாய்மொழிகள் கவிதைமொழிகளாக வளர்ந்ததில் அந்தப் பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் அக்காலக் கவிதையைப் படித்தால் பாதிதான் நம் கைக்கு வரும்.

முதலில் சில சொற்கள்

1. மறுமலர்ச்சி: பழைய கிரேக்க, லத்தீன் நூல்களைத் தேடி எடுத்து, அவற்றை அளவுகோலாக வைத்துக் கலையையும் கல்வியையும் புதுப்பித்த காலம். கவிதையைப் பொறுத்தவரை 14ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பெட்ரார்க்கிடம் தொடங்கி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

2. சானெட்: 14 வரிக் கவிதை. 13ஆம் நூற்றாண்டில் சிசிலியில், பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அவையில் பணியாற்றிய ஜாகோமோ தா லென்டினி உருவாக்கிய வடிவம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பெயருக்கு ‘சிற்றொலி’ என்று பொருள். இத்தாலிய சானெட் 8 வரி, 6 வரி என்று இரண்டாகப் பிரியும். வரிக் கடைசியில் ஒலி ஒன்றுவது கட்டாயம். நம் யாப்பில் இதை இயைபு என்கிறோம்.

3. திருப்பம்: எட்டாவது வரி முடிந்து ஒன்பதாவது தொடங்கும் இடத்தில் எண்ணம் திசை மாறும். முதல் எட்டில் ஏக்கம் என்றால் அடுத்த ஆறில் அறிவு பேசும், அல்லது கேள்விக்குப் பதில் வரும். சானெட்டின் உயிர் இந்த முனையில்தான் இருக்கிறது.

4. இமிடாசியோ: முன்னோர் நூலைப் பார்த்துத் தனதாகச் செய்வதற்கான லத்தீன் சொல். ‘நகல்’ என்று தமிழில் எழுதினால் தவறாகிவிடும். நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுக்கிறது. அதில் வழிநூல், முதல்நூலின் முடிவோடு ஒத்துப்போய், ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ கூறுவது. கிட்டத்தட்ட இதுதான் இமிடாசியோ. வான்மீகி இருக்கக் கம்பன் ஏன் எழுதினான் என்று நாம் கேட்பதில்லையே.

பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம்

இந்தப் பழக்கம் வகுப்பறையில் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் என்றாலே லத்தீன்தான். எலிசபெத் அரசிக்கு இளவயதில் ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம் ஒரு முறையை விவரித்திருக்கிறார். அவர் இறந்தபின் 1570இல் அந்த நூல் அச்சானது. மாணவன் ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், தன் ஆங்கிலத்தை மறுபடி லத்தீனாக்க வேண்டும். பிறகு ஆசிரியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். எங்கே சிசரோ வேறு சொல் போட்டார், ஏன் போட்டார் என்று பேசுவார்கள்.

டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1512இல் வெளியிட்ட பாடநூல் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து செய்கிறது. ‘உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது’ என்ற ஒரே வாக்கியத்தை லத்தீனில் நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றி மாற்றி எழுதிக் காட்டுகிறார். ஒரு பொருளை எத்தனை உடை மாற்றிப் பார்க்கலாம் என்ற பயிற்சி அது. ஏழெட்டு வயதிலிருந்து இப்படிப் பழகிய ஒருவர், வளர்ந்தபின் பெட்ரார்க்கைப் பார்த்ததும் கை அரிக்காமல் இருக்குமா?

தேனீயும் தகப்பனும்

பெட்ரார்க்கே இதைப் பற்றி நிறைய யோசித்தவர். 1304இல் அரெட்ஸோவில் பிறந்தார். தகப்பனார் பிளாரன்சிலிருந்து நாடுகடத்தப்பட்டவர் என்பதால் பிரான்சின் அவிஞ்ஞோன் பக்கம் வளர்ந்தார். பழைய ஏடுகளைத் தேடுவதில் தீராத பசி உள்ளவர். 1345இல் வெரோனாவில் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். 1341இல் ரோமில் அவருக்கு லாரல் இலை முடி சூட்டினார்கள். அந்த மரியாதை லத்தீன் கவிஞர் என்ற முறையில் கிடைத்தது. இன்று உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது லாரா என்ற பெண்ணைப் பற்றி இத்தாலியத்தில் எழுதிய 366 கவிதைகளால். அதில் 317 சானெட்கள். அந்தத் தொகுப்புக்கு அவர் வைத்த லத்தீன் பெயருக்கு, பொதுமொழியில் எழுதிய துணுக்குகள் என்றுதான் பொருள். துணுக்குகள் என்று சொன்னாலும் கடைசி வரை திருத்திக்கொண்டே இருந்தார். அவர் கைப்படத் திருத்திய தாள்கள் வாத்திகன் நூலகத்தில் இருக்கின்றன.

நண்பர் பொக்காச்சியோவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அவர் சொல்லும் கதை முக்கியமானது. அவரிடம் ஏடு படியெடுக்கும் வேலை பார்த்த ஓர் இளைஞன் கவிதை எழுதுவான். பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் சொற்களை அப்படியே எடுத்துப் போடுவான். பெட்ரார்க் அவனுக்கு அறிவுரை சொல்கிறார்: முன்னோருக்கும் நமக்கும் உள்ள ஒற்றுமை, ஓவியத்துக்கும் ஆளுக்கும் உள்ளது மாதிரி இருக்கக் கூடாது, தகப்பனுக்கும் மகனுக்கும் உள்ளது மாதிரி இருக்க வேண்டும். மூக்கு வேறு, உயரம் வேறு. ஆனாலும் மகனைப் பார்த்ததும் தகப்பன் ஞாபகம் வருகிறதல்லவா, அந்தச் சாயல். தேனீ பல பூக்களில் எடுத்ததை வேறொன்றாக, இன்னும் நல்லதாக மாற்றுவதையும் சொல்கிறார். அந்தத் தேனீயே ரோமானிய அறிஞர் செனெகாவிடமிருந்து எடுத்ததுதான்.

இளைஞன் விடவில்லை. ‘நீங்களும் செய்திருக்கிறீர்களே’ என்று பெட்ரார்க்கின் லத்தீன் கவிதையிலிருந்து ஒரு வரியின் கடைசியைக் காட்டுகிறான். அது அப்படியே வர்ஜிலின் சொல். பெட்ரார்க் திகைத்துப் போகிறார். தெரிந்து செய்ததல்ல. வர்ஜிலை அவ்வளவு ஆழமாகப் படித்ததால் அது தன் சொல் என்றே மனம் நம்பிவிட்டது. கவிதை ஏற்கெனவே பலர் கைக்குப் போய்விட்டதால் இனித் திருத்தவும் முடியாது. நீயும் என்னோடு சேர்ந்து வர்ஜிலிடம் மன்னிப்புக் கேள் என்று பொக்காச்சியோவுக்கு எழுதுகிறார். இந்தச் சம்பவத்தை அவர் மறைக்காமல் எழுதியதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

இரண்டு மான்கள்

இப்போது அந்த இரண்டு கவிதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பெட்ரார்க்கின் கவிதையில் விடியற்காலை. பசும்புல் மேல் ஒரு வெண்மான், பொன் கொம்புகளோடு, இரண்டு ஆறுகளுக்கு நடுவே, லாரல் மரத்து நிழலில் தோன்றுகிறது. கவிஞர் எல்லா வேலையையும் விட்டுவிட்டு அதன் பின்னால் போகிறார். அதன் கழுத்தில் வைரமும் புஷ்பராகமும் கொண்டு எழுதியிருக்கிறது: ‘என்னை யாரும் தொட வேண்டாம். என்னைச் சுதந்திரமாக விடுவது என் சீசரின் விருப்பம்.’ பொழுது உச்சிக்கு வருகிறது. பார்த்துப் பார்த்துக் கண் களைத்தது, ஆசை அடங்கவில்லை. அப்போது அவர் தண்ணீரில் விழுகிறார், மான் மறைந்துவிடுகிறது.

வையட்டின் கவிதை வேறு மாதிரி தொடங்குகிறது. ‘வேட்டையாட விரும்புகிறவர்களே, ஒரு பெண்மான் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். என்னால் இனி முடியாது.’ ஓடிக் களைத்துக் கடைசியில் வருகிறவர்களில் ஒருவராக நிற்கிறார். வலையில் காற்றைப் பிடிக்கப் பார்க்கிறேன் என்று சலித்துக்கொள்கிறார். அதன் கழுத்தில் வைரத்தால் தெளிவாக எழுதியிருக்கிறது: ‘தொடாதே, நான் சீசருடையவள். சாதுவாகத் தெரிந்தாலும் பிடித்து வைக்க முடியாத காட்டு உயிர்.’

என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று பார்த்தால்:

1. கனவு வேட்டையாகிவிட்டது. பெட்ரார்க் மானோடு தனியாக இருக்கிறார். வையட்டைச் சுற்றிக் கூட்டம், போட்டியாளர்கள் இருக்கிறார்கள். விடியலும் ஆறும் புல்லும் போய்விட்டன.

2. லாரல் மரம் காணாமல் போய்விட்டது. இத்தாலியத்தில் ‘லவுரோ’ என்றால் அந்த மரம், லாரா என்றால் அந்தப் பெண், கவிஞர் தலையில் சூடிய முடியும் அதே மரத்து இலை. இந்தச் சிலேடை ஆங்கிலத்தில் நிற்காது. வையட் அதைக் காப்பாற்ற முயலவே இல்லை, சரியான முடிவு.

3. சீசர் மாறிவிட்டார். இதுதான் பெரிய மாற்றம். பெட்ரார்க்கின் சீசர் மானை விடுவிக்கிறார். அந்தச் சீசரைக் கடவுள் என்று பொருள்கொள்வது வழக்கம். வையட்டின் சீசர் மானுக்குச் சொந்தக்காரர். ‘சுதந்திரம்’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘உடைமை’ வந்து உட்கார்ந்துவிட்டது.

4. ‘தொடாதே’ என்பதை வையட் லத்தீனில் வைக்கிறார். உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாளிடம் சொல்வதாக லத்தீன் பைபிளில் வரும் அதே சொற்கள். புனிதமான வாக்கு அரசனின் சொத்துப் பத்திரத்தில் ஏறிக்கொள்கிறது.

5. முடிவு வேறு. பெட்ரார்க்கில் மான் மறைகிறது. வையட்டில் மான் மறையவில்லை. கழுத்துப் பட்டையோடு கண்முன்னே இருக்கிறது. நெருங்கத்தான் முடியாது.

வையட் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அவையில் இருந்தவர், 1527இல் தூதுக் குழுவோடு இத்தாலி போய் வந்தவர். 1536 மே மாதம் ஹென்றியின் அரசி ஆன் போலினைத் தலைவெட்டிக் கொன்றபோது, வையட்டும் லண்டன் கோபுரத்தில் சிறையில் இருந்தார். மான் என்பது ஆன்தான் என்று பலர் படிக்கிறார்கள். அதற்கு நேரடி ஆதாரம் கிடையாது. ஆனால் அரசனுக்குப் பிடித்ததைத் தொட்டால் உயிர் போகும் அவையில் இருந்த ஒருவர் எழுதிய கவிதை என்பதற்கு வரிக்கு வரி சாட்சி இருக்கிறது. மூலத்தைத் தெரிந்த வாசகருக்குத்தான் ‘சுதந்திரம்’ இருந்த இடத்தில் ‘சீசருடையவள்’ வந்திருப்பது சுரீரென்று தைக்கும். வெளிப்படையாகச் சொல்ல முடியாததைச் சொல்ல வையட்டுக்குப் பெட்ரார்க் மறைவிடம் தந்தார்.

வடிவமும் இப்படியே மாறியது. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும், இயைபு கொட்டிக் கிடக்கும். ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு. அதனால் வையட் கடைசி இரண்டு வரிகளை ஜோடியாக முடித்தார். சர்ரே பிரபு 4, 4, 4, 2 என்று வரிகளைப் பிரித்து, பிரிவுக்குப் பிரிவு இயைபை மாற்றினார். பின்னாளில் ஷேக்ஸ்பியர் 154 சானெட்கள் எழுதியது இந்தச் சட்டகத்தில்தான்.

தாய்மொழிக்கு என்ன கிடைத்தது?

இத்தாலியில் பியெத்ரோ பெம்போ 1501இல் பெட்ரார்க்கின் கவிதைகளைப் பதிப்பித்தார். வெனிசில் ஆல்டஸ் மனுசியஸ் அதைக் கையடக்கப் புத்தகமாக அச்சிட்டார். 1525இல் பெம்போ ஒரு படி மேலே போய், இத்தாலியத்தில் கவிதை எழுதப் பெட்ரார்க்கையும் உரைநடைக்குப் பொக்காச்சியோவையும் முன்மாதிரியாகக் கொள்ளுங்கள் என்று நூல் எழுதினார். அதாவது லத்தீனுக்கு வர்ஜில் இருந்ததுபோல இத்தாலியத்துக்கும் ஒருவர் இருக்கிறார் என்று அறிவித்தார்.

பிரான்சில் 1549இல் ழோவாக்கிம் து பெல்லே, பிரெஞ்சு மொழிக்காக வாதாடி நூல் எழுதினார். வெறுமனே மொழிபெயர்த்தால் மொழி வளராது, முன்னோரை விழுங்கிச் செரித்து இரத்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். ரோமானியர்கள் கிரேக்கரை அப்படித்தான் செய்தார்கள் என்கிறார். அந்த நூலின் பல பகுதிகளே இத்தாலியரான ஸ்பெரோனி 1542இல் வெளியிட்ட உரையாடலிலிருந்து எடுக்கப்பட்டவை. இத்தாலியத்துக்காகச் சொன்ன வாதத்தை அவர் பிரெஞ்சுக்காகத் திருப்பிக்கொண்டார்.

அதே முதல் வரி, வேறு குரல்

இந்த முறையை மிகக் கூர்மையாகப் பயன்படுத்தியவர்களில் பெண் கவிஞர்களும் உண்டு. பெட்ரார்க் மரபில் பேசுகிறவர் ஆண். பெண் எட்டாத உயரத்தில் மௌனமாக இருப்பவள். அந்த மௌனப் பாத்திரம் வாய் திறந்தால் என்ன ஆகும்?

வெனிசில் வாழ்ந்த காஸ்பரா ஸ்தாம்பா, இசையில் தேர்ந்தவர். ஒரு பிரபுவைக் காதலித்து, அதைப் பற்றி எழுதிய கவிதைகள் 1554இல் அவர் இறந்தபின் சகோதரி முயற்சியால் வெளிவந்தன. பெட்ரார்க்கின் முதல் கவிதை ‘சிதறிய வரிகளில் என் பெருமூச்சைக் கேட்பவர்களே’ என்று வாசகரை அழைத்து, இரக்கமும் மன்னிப்பும் கேட்கிறது. தன் காதலின் பலன் வெட்கம் என்று முடியும் தறுவாயில் சொல்கிறது. ஸ்தாம்பாவின் முதல் கவிதையும் ‘இந்தச் சோக வரிகளைக் கேட்பவர்களே’ என்றே தொடங்குகிறது. ஆனால் அவர் மன்னிப்போடு நிற்கவில்லை, புகழையும் எதிர்பார்க்கிறார். இவ்வளவு பெரிய காதலுக்காக இவ்வளவு துன்பப்பட இவள் கொடுத்துவைத்தவள் என்று வேறொரு பெண் சொல்வாள் என்கிறார். வெட்கம் இருந்த இடத்தில் பெருமை.

வர்ஜில் மயிலாப்பூர் வந்த வழி

காவியத்திலும் இதே கதைதான். போர்ச்சுகீசியக் கவிஞர் லூயிஸ் த கமோயிஸ் 1572இல் வெளியிட்ட காவியம் வாஸ்கோ ட காமாவின் இந்தியப் பயணத்தைப் பாடுகிறது. வர்ஜிலின் காவியம் ‘ஆயுதங்களையும் ஒரு மனிதனையும் பாடுகிறேன்’ என்று தொடங்கும். கமோயிஸ் ‘ஆயுதங்களும் புகழ்பெற்ற வீரர்களும்’ என்று பன்மையாக்குகிறார். நாலாவது வரியிலேயே அந்த வீரர்கள் தப்ரபேனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தப்ரபேன் என்பது பழைய கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர்.

இந்தக் கவிஞர் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியவர் அல்ல. 1553இல் கப்பலேறி கோவாவுக்கு வந்தவர். மேகாங் ஆற்றுப் பக்கம் கப்பல் உடைந்ததையும் பாட்டு நனைந்ததையும் காவியத்துக்குள்ளேயே குறிப்பிடுகிறார். பத்தாம் காண்டத்தில் மயிலாப்பூர் வருகிறது. அழகிய, பெரிய, செல்வம் மிக்க நகரம் என்று பாடுகிறார். கடலில் மிதந்து வந்த ஒரு பெரிய மரத்தை ஆட்களும் யானைகளும் இழுத்தும் அசைக்க முடியவில்லை. புனித தோமா தன் இடுப்புக் கயிற்றைக் கட்டித் தனியாக இழுத்துப் போனார் என்ற கதையையும் சொல்கிறார். ரோமானியக் காவியத்தின் சட்டகத்துக்குள் நம் கடற்கரைக் கதை ஒன்று ஏறியது இப்படித்தான். பிறநாட்டு மண்ணைப் பிடிக்கப் போனவர்களைப் புகழும் காவியம் அது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பெருமிதத்தையும் அவர் வர்ஜிலிடமிருந்தே எடுத்துக்கொண்டார்.

அப்படியென்றால் திருட்டு என்று ஒன்று இல்லவே இல்லையா?

இருந்தது. 1592இல் நாடக ஆசிரியர் ராபர்ட் கிரீன் பெயரில் லண்டனில் வந்த ஒரு சிறு நூல், ‘எங்கள் இறகுகளால் தன்னை அழகுபடுத்திக்கொண்ட காகம்’ என்று ஒருவரைத் திட்டுகிறது. அது ஷேக்ஸ்பியரைத்தான் குறிக்கிறது என்பது பரவலான கருத்து. இரவல் இறகு போட்ட காகம் ஈசாப் கதையிலும் ரோமானியக் கவிஞர் ஹோரஸிடமும் உள்ளது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

எதைத் தவறாகக் கருதினார்கள், எதைக் கருதவில்லை?

1. மூலம் தெரிவது குறையல்ல. தாமஸ் வாட்சன் 1582இல் வெளியிட்ட 100 காதல் கவிதைகளின் தொகுப்பில், கவிதைக்கு மேலே உள்ள குறிப்புகள் எந்தக் கவிஞரிடமிருந்து எதை எடுத்தார் என்று சொல்கின்றன. அது படிப்பின் அடையாளம்.

2. செரிக்காமல் எடுப்பது குறை. பெட்ரார்க் அந்த இளைஞனைக் கண்டித்தது இதற்காகத்தான்.

3. ஒருவரை மட்டுமே பிடித்துக்கொள்வது சரியா என்பதில் சண்டை இருந்தது. சிசரோ பயன்படுத்தாத சொல்லைத் தொடவே மாட்டேன் என்றிருந்தவர்களை எராஸ்மஸ் 1528இல் ஒரு நூலே எழுதிக் கிண்டல் செய்தார்.

4. இன்றைய பொருளில் நூலாசிரியருக்குச் சட்ட உரிமை கிடையாது. ஆசிரியரின் உரிமையைப் பேசும் ஆங்கிலேயச் சட்டம் 1710இல்தான் வந்தது. அதற்கு முன் லண்டனில் உரிமை பெரும்பாலும் அச்சிட்டவர்களிடம் இருந்தது.

ஆங்கிலக் கவிஞர் பிலிப் சிட்னியின் ஒரு வரி இந்த இடத்தில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ‘உன் நெஞ்சைப் பார்த்து எழுது’ என்று கலைமகள் சொல்வதாக அவர் முதல் சானெட் முடிகிறது. பிறர் ஏடுகளைப் புரட்டிப் புரட்டி அலுத்தபின் வரும் வரி அது. முன்னோரே வேண்டாம் என்கிறாரா? அடுத்து வரும் நூற்றுக்கும் மேற்பட்ட சானெட்களில் பெட்ரார்க்கின் பொருட்கள் நிறைந்து கிடக்கின்றன. தெரிந்த பொருளைத் தன் நெஞ்சில் சோதித்துப் பார் என்றுதான் அந்த வரியைப் படிக்க முடிகிறது.

ஷேக்ஸ்பியரின் 130ஆம் சானெட்டும் அப்படியே. என் காதலியின் கண் சூரியனைப் போல இல்லை, உதட்டைவிடப் பவளம் சிவப்பு, கூந்தல் கறுப்புக் கம்பி என்று அடுக்குகிறார். சூரியக் கண்ணும் பவள உதடும் பொற்கம்பிக் கூந்தலும் காதல் கவிதைகளில் தேய்ந்த உவமைகள் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கவிதை திறக்கும். கடைசி இரண்டு வரியில், பொய் உவமையால் புகழப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் என் காதலி குறைந்தவள் அல்ல என்று முடிக்கும்போது, 250 ஆண்டுப் பழைய பட்டியலுக்கே பதில் சொல்லிவிடுகிறார்.

தமிழுக்கு வந்த 14 வரி

சிசிலியில் தொடங்கிய அந்த வடிவம் தமிழுக்கும் வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், ஆங்கில சானெட்டைப் பார்த்து 14 அடிப் பாடல்கள் எழுதி ‘தனிப்பாசுரத் தொகை’ என்று வெளியிட்டார். ஐரோப்பியர்கள் சிலேடையையும் இயைபையும் தங்கள் மொழிக்கேற்ப விட்டும் எடுத்தும் செய்ததை அவர் தமிழ் யாப்புக்குள் செய்தார். நூலைத் தன் சொந்தப் பெயரில் வெளியிடாமல் ‘பரிதிமாற் கலைஞர்’ என்ற பெயரைப் போட்டுக்கொண்டார். ஆளைப் பார்க்காமல் பாட்டைப் பார்த்து மதிப்பிடட்டும் என்று. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் அந்தப் பாசுரங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.